எந்தச் சைக்கிள் எண்டு கேட்க முதல், யார் திருத்துவார் எண்டு கேளுங்க

2022 ஜூன் கடைசியில் ஒக்ரேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய் ஆனது. அடுத்த இரண்டு கிழமைக்கு அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை எண்டு அறிவித்தார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். வெள்ளவத்தையில் பல வீடுகளுக்கு முதல் தடவையாக ஒரு சைக்கிள் வந்தது அந்த நாட்களில்தான். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வேலைக்குப் போற ஆக்களிடம் அது எப்பவும் இருந்தது. "கொழும்பு சைக்கிளுக்குத் திரும்பிவிட்டது" எண்டு அப்போது பேசிய பலர் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது ஏதாவது ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் போய்ப் பாருங்கள். மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் செயின் துருப்பிடித்து, ரயர் காற்றுப் போய்த் தரையோடு ஒட்டி, மேலே பழைய காட்போட் பெட்டி வைத்தபடி ஒரு சைக்கிளாவது நிற்கும். பெரும்பாலும் பளபளப்பான பெயின்ற், முன்னுக்கும் நடுவிலும் ஷொக், "21 கியர்" ஸ்டிக்கர்.

"வாங்கேக்க இருந்த ஆசை இப்ப இல்லை, சோம்பல்" எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். சோம்பலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சைக்கிள்களில் பாதிக்கு மேல் இந்த ஊர் றோட்டுக்கும், இந்த ஊர் உப்புக் காற்றுக்கும், இந்த ஊர்த் திருத்துற கடைக்கும் பொருந்தாதவை எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ஒரு சின்னப் பகுதி உடைந்தது, அது கிடைக்கவில்லை, சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே போனது. அவ்வளவுதான் கதை.

இப்போது திரும்பவும் எங்களிடம் கேட்கிறார்கள். ரியூசனுக்கு, கம்பஸுக்கு, வேலைக்கு எண்டு ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு தாங்க முடியவில்லை, நாலைந்து வருசம் உழைக்கிற மாதிரி ஒரு ஹைபிரிட் சைக்கிள் சொல்லுங்க எண்டு. எங்களின் பதில் ஒரு பிராண்டின் பெயர் இல்லை. நீடித்து உழைக்கும் சைக்கிள் எண்டால், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பாஸ் திருத்தக்கூடிய சைக்கிள். (பாஸ் எண்டால் முதலாளி இல்லை. மேசன் பாஸ், தச்சு பாஸ் போல, கை வேலை தெரிந்த மனுசன்.) மற்றதெல்லாம் இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

றோட்டைப் பார்ப்போம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஊர்ந்து வருவதும் கிட்டத்தட்ட இதே பக்கத்தால்தான். சைக்கிளில் அவசரப்படாமல் போனால் முக்கால் மணித்தியாலம். நெரிசல் நேரத்தில் பஸ்ஸும் அதைவிடக் குறையாது.

இந்தத் தூரத்துக்குள் எத்தனை வகைத் தரை இருக்கிறது எண்டு எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தை ஒழுங்கையில் தொடங்கும்போது கொங்கிரீட், அல்லது இன்டர்லொக் கல். நடுவில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடின இடம் ஒரு சாண் தாழ்ந்து கிடக்கும். மரைன் டிரைவ் நல்ல காப்பெட் றோட், ஆனால் ஓரத்தில் கடல் மணல். காலிமுகத்திடலைத் தாண்டிக் கோட்டை வரை வழுவழுப்பு. புறக்கோட்டைக்குள் நுழைந்தால் உடைந்த ஓரம், லொறியால் மூட்டை இறக்குகிற இடம், மரக்கறித் தண்ணி, நாட்டாமைமாரின் கைவண்டி. கொச்சிக்கடை, ஜம்பட்டா வீதிப் பக்கம் போனால் வடிகான் மூடிகள். துறைமுகத்துக்கு அருகிலிருக்கிற றோட்டுகளில் கொண்டெய்னர் லொறிகள் தாரை அலை அலையாக அமத்தி வைத்திருக்கும். மழை பெய்தால் இதில் எது குழி, எது தண்ணி எண்டு தெரியாது.

வெளிநாட்டு வீடியோக்களில் "பல தரைகளுக்கு ஏற்ற சைக்கிள்" எண்டு சொன்னால் காட்டுப் பாதையையும் சரளைக் கல்லையும் காட்டுவார்கள். எங்களுக்கு அந்தப் பலதரை காட்டில் இல்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலேயே இருக்கிறது.

ரேசிங் சைக்கிளின் 25 மில்லிமீற்றர் ரயர் இதற்குச் சரிவராது. றோட்டுக்கு நேராகக் கம்பி போட்ட வடிகான் மூடி அந்த ரயரை அப்படியே விழுங்கிவிடும். மறுபக்கம், மலை ஏற எண்டு செய்த பெரிய முள்ளு ரயர் காப்பெட் றோட்டில் உங்கள் கால் பலத்தைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் 35 முதல் 42 மில்லிமீற்றர் அகலம், அதிகம் முள்ளில்லாத ரயர், நேரான ஹாண்டில், நிமிர்ந்து இருந்து முன்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கிற இருக்கை. ஹைபிரிட் எண்டு சொல்வது இதைத்தான். அகலமான ரயருக்குக் கல்லுப் போலக் காற்று அடிக்கவும் வேண்டாம். 38 மில்லிமீற்றர் ரயருக்கு உங்கள் நிறையைப் பொறுத்து 45 முதல் 60 பிஎஸ்ஐ போதும். குழியின் அடியை ரயரே வாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுக்கு வராது.

அதனால்தான் ஷொக் வேண்டாம் எண்டு சொல்கிறோம். விலை குறைந்த சைக்கிளில் வருகிற முன் ஷொக் வெறும் ஸ்பிரிங். நிறையைக் கூட்டும், கடல் காற்றில் இறுகும், ஒரு வருசத்தில் அசையாது. பிறகு அது பாரமான ஒரு சாதாரண ஃபோர்க். ஷொக்குக்குப் போகிற காசு நல்ல சில்லுக்குப் போகட்டும். மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிற ஆளுக்கு இரண்டு கிலோ வித்தியாசம் பெரிய விசயம்.

ரயரின் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கு

கடைகளில் யாரும் விளக்கமாகச் சொல்லாத விசயம் இது. வெள்ளவத்தையில் ரயர், கொட்டாஞ்சேனையில் டயர், எப்படிச் சொன்னாலும் அதன் பக்கச் சுவரில் 40-622 போல ஒரு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது எண், ரயர் ரிம்மில் இருக்கிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

ஹைபிரிட் சைக்கிளின் 700சி ரயர் 622. சில கம்பனிகள் இதையே 28 இஞ்சி எண்டும் எழுதும். ஆனால் அப்பப்பா ஓடின பழைய றலி, ஹீரோ வகை ஜென்ட்ஸ் சைக்கிளின் 28 × 1½ ரயர் 635. பெயரில் இரண்டும் 28, ஒன்று மற்றதில் ஏறாது. 26-இலும் இதே குழப்பம். லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ ரயர் 590, மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95 ரயர் 559. "26 ரயர் ஒண்டு தாங்க" எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது பொருந்தாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கு. 29 இஞ்சி மவுண்டன் சைக்கிளும் 622 தான், ஆகவே அகலம் ஒத்துவந்தால் அந்த ரயர் ஹைபிரிட்டுக்கும் போடலாம்.

இது ஏன் முக்கியம்? லேடீஸ், ஜென்ட்ஸ், மவுண்டன் அளவுகள் ஊரில் பழகினவை. மூலைக் கடையிலும் கிடைக்கும். இலங்கையிலேயே சைக்கிள் ரயர் செய்கிறார்கள். 622 அப்படி இல்லை. சில கடைகளில் இருக்கும், சிலவற்றில் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிரச்சினை இல்லை. சைக்கிளோடு சேர்த்து ஒரு மேலதிக ரயரும் இரண்டு ரியூப்பும் வாங்கி அலுமாரிக்கு மேல் வையுங்கள். 2020-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகளோடு வாழ்ந்த எங்களுக்கு, "இப்ப ஸ்டொக் இல்லை, அடுத்த ஷிப்மென்ட்" எண்ட வசனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

ரியூப் வாங்கும்போது வால்வையும் பாருங்கள். கார், மோட்டார் சைக்கிள் வால்வு போல தடிப்பானது எண்டால் பெற்றோல் ஷெட்டிலேயே காற்று அடிக்கலாம். மெல்லிய நீளமான வால்வு எண்டால் அதற்கு ஒரு சின்ன அடாப்டர் வேண்டும்.

உப்பு, மழை, செயின்

மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் பல்கனிக் கம்பி என்ன பாடு படுகிறது எண்டு தெரிந்தவர்களுக்கு, அதே காற்றில் நிற்கிற சைக்கிளுக்கு என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. இரும்பு ஃபிரேம் வெளியில் பெயின்ற்றோடு நல்லாயிருக்கும், உள்ளால் துருப்பிடிக்கும். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, ஆகவே கடற்கரைப் பக்க ஆக்களுக்கு அதுதான் எங்கள் சிபாரிசு. ஆனால் அலுமினியத்துக்குள் இருக்கிற இரும்பு நட்டு, போல்ட், சீற் கம்பி எல்லாம் உப்பில் இறுகிப் பிடித்துவிடும். வாங்கின அன்றே சீற் கம்பியைக் கழற்றி கிறீஸ் பூசச் சொல்லுங்கள். அஞ்சு நிமிச வேலை. செய்யாவிட்டால் இரண்டு வருசத்தில் சீற்றை உயர்த்தவே முடியாது.

கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, செயினைக் காய விட்டு, எண்ணெய் விடுங்கள். துருவைக் கழட்ட அடிக்கிற ஸ்பிறே எண்ணெய்க்குப் பதில் இல்லை. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். ஸ்பிறே அடித்துத் துடைத்தாலும் பிறகு எண்ணெய் விட வேண்டும். மட்காட் இல்லாத சைக்கிள் கொழும்புக்கு அரைச் சைக்கிள். கடையில் "ஸ்டைல் போயிரும்" எண்டு சொன்னாலும் இரண்டு மட்காட்டும் பூட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் புறக்கோட்டைத் தண்ணி உங்கள் முதுகில் கோடு போடும்போது ஸ்டைல் எங்கே போகும் எண்டு தெரியும்.

21 கியரும் மற்றக் கதைகளும்

கொழும்பு தட்டையான ஊர். கொட்டாஞ்சேனைப் பக்கம் கொஞ்சம் ஏற்றம் இருக்கு, மேம்பாலங்கள் இருக்கு, அவ்வளவுதான். 21 கியரில் நீங்கள் பாவிக்கப் போவது நாலு. முன்னால் ஒரு பல்லுச் சக்கரம், பின்னால் ஏழு அல்லது எட்டு எண்டால் போதும். முன் கியர் மாற்றி இல்லாவிட்டால் கெட்டுப்போக ஒரு பகுதி குறைவு. 6, 7, 8 கியர்ச் செயின்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும், கிடைப்பதும் சுகம். கியர் எண்ணிக்கை கூடக் கூடச் செயின் மெலியும், விலை ஏறும், பாஸின் முகம் சுருங்கும்.

பின் சில்லில் ஒரு விசயம் கேளுங்கள்: பல்லுகள் அச்சில் திருகிப் பூட்டின வகையா, கசெற் வகையா? திருகிப் பூட்டுகிற வகையில் வலது பக்க அச்சுக்குத் தாங்கல் தூரத்தில் இருப்பதால், பாரமான ஆள் குழியில் விழுந்தெழும்பி ஓட அச்சு வளையவோ முறியவோ செய்யும். கசெற் வகையில் தாங்கல் ஓரத்தில் இருக்கும், நீடிக்கும். காசு கொஞ்சம் கூடவாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டெண்டால் அது பின் சில்லு.

பிரேக் விசயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை. மழையிலும் மணலிலும் டிஸ்க் நல்லாப் பிடிக்கும், ரிம் தேயாது. ஆனால் எண்ணெயில் ஓடுகிற ஹைட்ரோலிக் டிஸ்க்கைத் திருத்த எல்லாரிடமும் சாமான் இல்லை. ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கின் கட்டையை எந்தக் கடையிலும் மாற்றலாம், நீங்களே பத்து நிமிசத்தில் மாற்றலாம். எங்களில் கூடப் பேர் வி-பிரேக் பக்கம். டிஸ்க்தான் வேணும் எண்டால் கேபிளில் ஓடுகிறதை எடுங்கள்.

"அப்ப லேடீஸ் சைக்கிளே போதுமே?"

இந்தக் கேள்வி நியாயமானது. உங்கள் ஓட்டம் வீட்டிலிருந்து சந்தைக்கும், கோயிலுக்கும், இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற ரியூசனுக்கும்தான் எண்டால், கியர் இல்லாத ஒரு லுமாலா லேடீஸ் சைக்கிள் எந்த ஹைபிரிட்டையும் விட நல்லது. விலை குறைவு, முன்னால் கூடை, செயினுக்கு மூடி, ஊரெல்லாம் சாமான். அதை வாங்குங்கள் எண்டு வெட்கப்படாமல் சொல்கிறோம். ஒரு நாளைக்குப் பத்து, இருபது கிலோமீற்றர் ஓடுகிறவர்களுக்குத்தான் ஹைபிரிட்டின் இலகுவான ஓட்டமும் கியரும் காசுக்குப் பெறுமதி.

சைக்கிள் ஊரில் எப்படி உழைத்தது எண்டு எங்கட வீடுகளில் கேட்டாலே தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. சைக்கிள்தான் ஓட்டோ, அம்புலன்ஸ், லொறி எல்லாம். விறகு, நோயாளி, முழுக் குடும்பம், எல்லாம் கரியலிலும் பாரிலும் போனது. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். அதைக் கொண்டாட எங்களுக்கு மனமில்லை, அது திணிக்கப்பட்ட வாழ்க்கை. ஆனால் அந்தச் சைக்கிள்கள் ஏன் நின்றுவிடவில்லை எண்டு பார்க்க வேண்டும். ஊரில் ஓடின சைக்கிள்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று அளவுக்குள் அடங்கின. ஒன்றின் சாமான் மற்றதுக்குப் போகும். ஒவ்வொரு சந்தியிலும் ஒட்டுப் போட, கம்பி இழுக்க, போல் மாற்ற ஒரு ஆள் இருந்தார். இரும்பு மட்டும் அந்தச் சைக்கிள்களைக் காப்பாற்றவில்லை, சந்திக் கடையும் சேர்ந்துதான்.

அந்த யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் கம்பஸுக்கும் சைக்கிளில் போன அம்மாமார்தான் இன்று வெள்ளவத்தையில் மகளுக்கு "இந்த றோட்டில சைக்கிள் சரிவராது பிள்ளை" எண்டு சொல்லுகிறார்கள். பயம் பொய் இல்லை. காலி வீதியில் பஸ் போகிற வேகத்தை நாங்களும் பார்க்கிறோம். ஆனால் தம்பிக்கு அதே வீட்டில் சைக்கிள் கிடைக்கிறது எண்டதையும் பார்க்கிறோம். கடைகளும் பெண்பிள்ளை எண்டவுடனே சின்னச் சில்லும் பூப் படமும் உள்ளதைத்தான் முதலில் காட்டும். முழு அளவு ஹைபிரிட்டிலேயே நடுப் பார் தாழ்த்தின ஃபிரேம் இருக்கிறது. பாவாடையோடும் சுடிதாரோடும் ஏறலாம், செயின் மூடியும் பூட்டலாம். மரைன் டிரைவில் ஞாயிறு விடியக் காலையில் தொடங்குங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவவுக்கு ஓடத் தெரியும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

முதலில் பாஸைத் தேடுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற சைக்கிளின் படத்தை ஃபோனில் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ரயர் எடுக்கலாமா? இந்தப் பின் சில்லைத் திறந்து போட்டிருக்கிறீர்களா? இந்தப் பிரேக்குக்குச் சாமான் இருக்கா? மூன்றுக்கும் "ஓம்" எண்டால் வாங்குங்கள். இரண்டுக்கு "இல்லை" எண்டால் சைக்கிள் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழசு வாங்குவதெண்டால் அவரையே கூட்டிக்கொண்டு போய், ஒரு நாள் கூலி மாதிரி ஏதாவது கொடுங்கள். சில்லைச் சுற்றி ரிம் ஆடுதா, பெடல் அச்சு தளர்ந்ததா, ஃபிரேமின் ஒட்டு இடங்களில் மயிர் அளவு வெடிப்பு இருக்கா எண்டு அவர் கண்ணுக்குத் தெரியும். புதுசெண்டாலும் பெட்டியில் வந்ததை அவசரத்தில் பூட்டித் தந்திருப்பார்கள். முதல் மாதம் ஓடினபின் கம்பிகளையும் நட்டுகளையும் ஒருக்கா இறுக்கிவிட வேண்டும். நல்ல பூட்டுக்கும் லைற்றுக்கும் காசை முதலே ஒதுக்குங்கள். மிஞ்சினதுதான் சைக்கிளின் விலை.

சைக்கிளைச் சரியாகத் தெரிவு செய்துவிட்டால் றோட்டின் கடமை முடிந்துவிடாது. வடிகான் மூடியின் கம்பியைக் குறுக்காகப் போட மாநகர சபைக்குப் பெரிய செலவில்லை. வெட்டின தாரைச் சமமாக மூட ஒரு மேற்பார்வை போதும். நாங்கள் அகலமான ரயர் வாங்கிச் சமாளிக்கிறோம் எண்டதற்காக அவர்கள் தப்பிவிடக் கூடாது. உங்கள் ஒழுங்கையில் அப்படியொரு மூடி இருந்தால் படம் எடுத்து, இடத்தை எழுதி, உங்கள் வட்டார உறுப்பினருக்கு அனுப்புங்கள். பத்துப் பேர் அனுப்பினால் ஒரு மூடியாவது திரும்பும்.

அதோடு இந்தக் கிழமை ஒரு சின்ன வேலை. உங்கள் ஒழுங்கை முனையில் சைக்கிள் திருத்துகிறவர் இன்னும் இருக்கிறாரா எண்டு போய்ப் பாருங்கள். இருந்தால், 622 ரயர் இருக்கா எண்டு கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் ஒன்றை எடுத்து வைப்பார்.